ஒரே வீட்டில் பிறந்த இரண்டு வேலைகள்

பேச்சுப் பயிற்சியும் வாசிப்புப் பயிற்சியும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே ஊரில், ஒரே பல்கலைக்கழகத்தில் வளர்ந்தவை என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். பள்ளியில் வரலாறு நடத்துகிறவள் நான், தகவல்களுக்குப் பஞ்சமில்லை. இன்றைக்கு அது எங்கள் வீட்டு விஷயம்.

அண்ணன் மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. நீளமான சொல் வந்தால் அவன் வாயில் எழுத்துகள் இடம் மாறிவிடும். ‘பல்கலைக்கழகம்’ என்பது ‘பகல்லைக்கழகம்’ ஆகும். வகுப்பில் சிரிப்பார்கள் என்பதற்காகத் தெரிந்த பதிலையும் சொல்லாமல் உட்கார்ந்துவிடுவான். வாசிப்பும் அப்படியே; ஒரு பத்தியைக் கடப்பதற்குள் நெற்றி வியர்த்துவிடும். வாரம் ஒரு நாள் தஞ்சாவூரில் ஸ்பீச் தெரபி, மாலைகளில் கும்பகோணத்திலேயே ஒரு டீச்சரிடம் வாசிப்பு. அண்ணனும் அண்ணியும் கடையை விட்டு நகர முடியாது. கூட்டிப்போவது அத்தையாகிய நான். தெரபி அறையில் அவன் எந்தச் சொல்லில் தடுமாறுகிறானோ அதே சொல்லில்தான் டீச்சர் வீட்டு நோட்டிலும் தடுமாறுகிறான். ஆனால் தெரபிஸ்ட்டும் டீச்சரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. இரண்டு படிப்பு, இரண்டு பட்டம், இரண்டு தொழில். எப்போது இப்படிப் பிரிந்தார்கள் என்று தேடப் போய்த்தான் அயோவா சிட்டிக்கு வந்து சேர்ந்தேன்.

அதற்கு முன் இங்கிலாந்தைச் சொல்லியாக வேண்டும். தெற்குக் கடற்கரையில் சீஃபோர்ட் என்ற ஊரில் பிரிங்கிள் மார்கன் என்றொரு மருத்துவர். 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பையனைப் பற்றி எழுதினார். பெயர் பெர்சி, வயது 14. விளையாட்டில் சூட்டிகை, கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஏழு வயதிலிருந்து பள்ளியும் தனி ஆசிரியர்களுமாகப் பாடுபட்டும் சின்னச் சின்னச் சொற்களைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சுட்டிக்காட்டும்வரை அது அவன் கண்ணில் படவில்லை. அதே பையன் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். மார்கனின் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். மருத்துவர் மூளையைப் பார்த்தார். ஆசிரியர் பையனைப் பார்த்தார்.

மார்கனை எழுதத் தூண்டியது கிளாஸ்கோவின் கண் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹின்ஷல்வுட்டின் கட்டுரை. கண் மருத்துவர்கள் இந்த வாசிப்புச் சிக்கலைப் பார்வை தொடர்பான கோளாறாகவே பார்த்தார்கள். கண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் எங்கோ கோளாறு என்ற அந்த எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. காதையும் வாயையும் பற்றிக் கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி அயோவா. அமெரிக்காவின் நடுவில், மக்காச்சோளமும் பன்றிப் பண்ணையுமாக விரியும் மாநிலம். அங்கே அயோவா சிட்டியில் உள்ள பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவமனைக்கு முதல் இயக்குநராக 1919-இல் சாமுவேல் ஆர்ட்டன் வந்தார். மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய மனிதர். 1925-இல் கிரீன் கவுண்டி என்ற கிராமப்புறத்துக்குத் தன் குழுவோடு போய், பின்தங்கிய பிள்ளைகளை அனுப்புங்கள் என்று பள்ளிகளைக் கேட்டார். வந்தவர்களில் ஒரு பையன் 16 வயதாகியும் வாசிக்க முடியாதவன். சோதனைத் தாளில் அவனுடைய அறிவுத்திறன் எண் 71. அந்த எண்ணை ஆர்ட்டன் நம்பவில்லை. பேச்சுக் கொடுத்துப் பார்த்தபோது பையனின் புத்தி அந்த எண்ணைவிடப் பெரியது என்று அவருக்குப் பட்டது. அதையே எழுதியும் வைத்தார். ஒரு பிள்ளையின் எதிரில் உட்கார்ந்து, தாளில் உள்ள எண்ணை நகர்த்திவைத்துவிட்டுப் பிள்ளையை நம்புவது லேசான காரியமில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியல் அறிஞர் இருந்தார். மருத்துவம், உளவியல், பேச்சு ஆகிய மூன்று துறைகளையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானவர். அவருடைய மாணவர் லீ டிராவிஸ் திக்குவாயை ஆராய்ந்தார். ஆர்ட்டனோடு சேர்ந்து வேலை செய்தார். 1927 முதல் பேச்சுப் பயிற்சி நிலையத்தை நடத்தினார். திக்கிப் பேசுகிறவர்களும் வாசிக்கத் திணறுகிறவர்களும் ஒரே கூட்டத்து ஆட்களின் கண்ணில்தான் பட்டார்கள். நான் தேடியது அந்தச் சில வருடங்களைத்தான். 1925 டிசம்பரில்தான் அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர்களின் சங்கமும் பிறந்தது.

ஆர்ட்டன், டிராவிஸ் இருவரின் கோட்பாடு தவறு. மூளையின் ஒரு பாதி மற்றதை முழுதாக ஆளாததால்தான் எழுத்து தலைகீழாகிறது, பேச்சு திக்குகிறது என்று நம்பினார்கள். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றினால் திக்கு வரும் என்றும் நினைத்தார்கள். 1926-இல் கான்சஸிலிருந்து வெண்டல் ஜான்சன் என்ற இளைஞர், தன் திக்குவாய்க்கு வழி தேடி அங்கே வந்தார். அவர் வலக்கையைக் கட்டுப்போட்டு, இடக்கையால் வாழப் பழக்கினார்கள். திக்கு போகவில்லை. ஆனால் அவரே பின்னாளில் அந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரானார்.

அவர் பெயரோடு ஒரு கறையும் சேர்ந்தே வருகிறது. 1939-இல் அவர் மேற்பார்வையில் ஒரு மாணவி டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடம் உனக்குத் திக்கு ஆரம்பித்துவிட்டது, ஜாக்கிரதை என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்களில் சிலர் வாய் திறக்கவே பயந்துபோனார்கள். அந்த ஆய்வை ஜான்சன் வெளியிடவில்லை. 2001-இல் ஒரு செய்தித்தாள் அதை வெளிக்கொண்டுவந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் ஆறு பேரின் சார்பில் நடந்த வழக்கில் 9,25,000 டாலர் தர மாநில அரசு ஒப்புக்கொண்டது. கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளைகள் என்பதால்தானே அந்த இல்லத்தைத் தேர்ந்தார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. பேசும் பிள்ளையை வாயடைக்க வைக்கப் பெரியவர்களின் சொல்லே போதும் என்பதை இதைவிடக் கொடூரமாக யாரும் நிரூபிக்க முடியாது.

ஆர்ட்டன் 1927-இல் அயோவாவை விட்டு விலகி நியூயார்க் போனார். அங்கே அன்னா கில்லிங்ஹாம் என்ற பள்ளி உளவியலாளரும் பெஸ்ஸி ஸ்டில்மன் என்ற ஆசிரியையும் அவரோடு சேர்ந்தார்கள். ஆர்ட்டனின் பெயர் முன்னால் நிற்கிறது. வேலை இந்தப் பெண்களுடையது. ஓர் அட்டையில் ஓர் எழுத்து. பிள்ளை அதைப் பார்க்க வேண்டும், ஒலியைக் கேட்க வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், சொல்லிக்கொண்டே கையால் எழுத வேண்டும். ஒலிகளைச் சேர்த்துத்தான் சொல். ஊகித்துப் படிக்கவே கூடாது. 1930களின் நடுவில் இருவரும் ஹொனலுலுவின் புனஹோ பள்ளி வரை போய் இதைக் கற்பித்தார்கள். மூளையின் இரண்டு பாதிகள் பற்றிய கோட்பாடு காலாவதியாகிவிட்டது. அட்டையும் வாயும் கையும் இன்றும் கும்பகோணத்தில் டீச்சர் வீட்டு மேசையில் இருக்கின்றன.

ஆனால் வீடு பிரிந்துவிட்டது. பேச்சு மருத்துவத்தின் பக்கம் சாய்ந்தது, வாசிப்பு பள்ளிக்கூடத்தின் பக்கம் போனது. திரும்பச் சேர்த்துவைத்தவர்கள் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்குப் புத்தகம் படித்துச் சொல்லும் கருவி செய்யப் போய், பேச்சொலியின் இயல்பை ஆராயத் தொடங்கியவர்கள் அவர்கள். அங்கிருந்த இசபெல் லிபர்மனும் உடனிருந்தவர்களும் 1974-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சொல்லில் எத்தனை ஒலி என்று பிள்ளை மேசையில் தட்டிக் காட்ட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைகளில் ஒருவராலும் முடியவில்லை. ஐந்து வயதில் 17 சதவீதம், ஆறு வயதில் 70 சதவீதம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்குக் கண்ணில் சிக்கல் இல்லை, பேச்சைத் தனித்தனி ஒலியாகப் பிரித்துக் கேட்பதில்தான் பெரும்பாலும் சிக்கல் என்ற முடிவை நோக்கி ஆய்வுகள் இந்தப் பக்கமாகவே நகர்ந்தன. நீளமான சொல்லை வாயிலும் தாளிலும் ஒரே மாதிரி உடைக்கிற எங்கள் பையனைப் புரிந்துகொள்ள எனக்கு இந்த இடம்தான் உதவியது.

நம் நாட்டுக்கு இரண்டும் வேறு வேறு வழியில் வந்தன. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965-இல் தொடங்கியது. கற்றல் குறைபாடு பற்றிய விழிப்பைச் சென்னையில் பரப்பியது 1990களின் தொடக்கத்தில் பெற்றோர் முனைந்து உருவாக்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. அதன் பயன் பெரிது. ஆனால் அட்டவணையைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பேச்சு, மொழிக் குறைபாடு உடல்சார் குறைபாட்டின் கீழ். கற்றல் குறைபாடு அறிவுத்திறன் சார்ந்த குறைபாட்டின் கீழ். 749-ஐ 867-ஆல் பெருக்கிய பெர்சியை எந்தத் தலைப்பில் போடுவது?

தமிழ் எழுத்துக்கென்று தனிச் சங்கடமும் உண்டு. ‘கொ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது க், பிறகு ஒ. எழுத்திலோ கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. ஒலியின் வரிசையும் எழுத்தின் வரிசையும் ஒத்துப்போகாத இந்த இடத்தில் எங்கள் பையன் நிச்சயம் சறுக்குவான். ல, ள, ழ மூன்றும் அவன் காதில் ஒன்றுதான். வாய் பிரித்துச் சொல்லப் பழகாமல் கை பிரித்து எழுதாது. அதனால் ள, ழ வேறுபாட்டை தெரபிஸ்ட் எந்த வாரம் எடுக்கிறாரோ அந்த வாரமே டீச்சரும் எடுத்தால் என்ன என்று இருவரிடமும் கேட்டேன். இருவருமே உடனே சம்மதித்தார்கள். இத்தனை நாள் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இப்போது ஒரே நோட்டு இரண்டு இடத்துக்கும் போகிறது. தெரபிஸ்ட் ஒரு பக்கத்தில் சொற்களை எழுதுகிறார். பையன் ஒவ்வொன்றையும் மேசையில் தட்டிப் பிரித்து, நிதானமாகச் சேர்த்துச் சொல்கிறான். அதே சொற்களை எதிர்ப்பக்கத்தில் டீச்சர் எழுதவைக்கிறார். சொற்களை எடுப்பது அறிவியல் பாடத்திலிருந்து. ஒளிச்சேர்க்கை, நீராவிப்போக்கு, இனப்பெருக்கம். பொதுத்தேர்வுச் சலுகைக்கான படிவத்தை அண்ணன் போன வாரம் நிரப்பினார். சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஆளும் கேட்கலாம், கூடுதல் நேரமும் கேட்கலாம் என்று பையனிடம் விளக்கினார்.

“நேரம் மட்டும் போடுங்கப்பா. நானே எழுதிக்கிறேன்” என்றான்.

அப்படியே போட்டிருக்கிறோம்.