கண்ணீருக்கு அப்பால்

திரையரங்கின் இருளில் நாம் சிந்தும் கண்ணீரால் வரலாற்றுக்கு ஏதேனும் பயன் உண்டா?

1978ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஹோலோகாஸ்ட்’ என்னும் தொடர்படம் ஒளிபரப்பாயிற்று. இட்லரின் ஆட்சியில் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர்கள் கொன்றொழிக்கப்பட்ட கொடுமையை, ஒரு மருத்துவர் குடும்பத்தின் கதையாக அது எடுத்துரைத்தது. 1979 சனவரியில் மேற்கு செருமனியில் இத்தொடர் காட்டப்பட்டபோது ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதனைக் கண்டனர்; ஆயிரக்கணக்கானோர் ஒளிபரப்பு நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தனர். நியூரம்பர்க் வழக்கு நடந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகியும் அசையாதிருந்த உள்ளங்களை ஒரு குடும்பத்தின் அழுகை அசைத்தது. அவ்வாண்டு சூலையில், கொலைக் குற்றத்திற்கு இருந்த காலவரம்பை அந்நாட்டு நாடாளுமன்றம் நீக்கியது. அம்முடிவுக்கு இத்தொடரின் தாக்கமும் துணைநின்றதென்பர்.

ஆயினும், அவுஷ்விட்சு முகாமில் அடைபட்டு உயிர் தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் இத்தொடரைக் கண்டித்தார். உண்மையும் புனைவும் கலந்த இக்காட்சி மாண்டோரின் துயரைச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவரது வாதம்.

இவ்விரு நிலைகளையும் நம்மவர் துயர் ஒன்றிலும் காண்கிறோம். 2013இல் பாலா இயக்கிய ‘பரதேசி’ திரைப்படம், தேயிலைத் தோட்டங்களில் கொத்தடிமைகளாய் மடிந்த தமிழ்க் கூலிகளின் கதை. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழிதிய ‘ரெட் டீ’ என்னும் நாவலே அதற்கு அடிப்படை. வசனம் தீட்டியவர் நம் மாவட்டத்து நாஞ்சில் நாடன். கதைத்தலைவனின் வார்ப்பும் அவருடைய ‘இடலாக்குடி ராசா’ சிறுகதையிலிருந்து பிறந்ததே.

நாசி முகாமும் தேயிலைத் தோட்டமும் ஒன்றல்ல. அங்கே நோக்கம் இன அழிப்பு, இங்கே இலாபம். எனினும், மனிதன் வெறும் எண்ணாகிவிட்ட அவலம் ஈரிடத்தும் உண்டு. கங்காணி தந்த முன்பணம் ஆண்டுதோறும் கணக்கில் வளர, குளிரும் நோயும் கூலிகளை வாரிச் சென்றன. இறுதியில், மீள வழியின்றிப் பாறைமேல் அமர்ந்து புலம்பும் ராசா, தன் மனைவியும் மகனும் அதே கங்காணியின் வலையில் சிக்கி மலையேறி வருவதைக் காண்கிறான். அக்காட்சியில் கலங்காத கண் அரிது.

ஆனால், நாவலில் தொழிலாளருக்காகப் போராடும் மனிதநேய மருத்துவர், படத்தில் கொள்ளைநோயின் நடுவே ஆடிப்பாடி மதம் பரப்புபவராக உருமாறுகிறார். நாவலை அறிந்தோர் பலர் இதனைக் குறையாகச் சுட்டினர். நாம் கிறிஸ்தவர் என்பதால் மட்டும் இது நம்மை வருத்தவில்லை. கூலிகளின் துயரைக் கண்ணாரக் கண்டு எழுதி வைத்த ஒரு சாட்சியின் குரல் அங்கே மங்கிவிட்டது என்பதே வருத்தம். அதே வேளையில், அப்படம் வந்திராவிடில் நம்முள் எத்தனை பேர் டேனியலின் பெயரைக் கேட்டிருப்போம் என்பதையும் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரைப்படம் உள்ளத்தின் கதவைத் தட்டுகிறது. தட்டுவதோடு அதன் பணி முடிகிறது. கதவைத் திறந்து வெளியே வந்து உண்மையைத் தேடுவது நம் கடமை. டேனியலின் நாவல் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பாகத் தமிழிலேயே கிடைக்கிறது. படம் பார்த்து அழுதவர்கள் அதனையும் படிக்கட்டும். நம் குடும்பங்களில் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்கள் உண்டா என வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கட்டும். கேட்டதை எழுதி வைக்கட்டும். கண்ணீர் காய்ந்த பின்னும் நிலைப்பது அதுவே.