புருசியாவில் இலத்தீன் ஆசிரியர் உருவான வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஜெர்மானிய நாடுகளின் இலத்தீன் பள்ளிகளில் பாடம் நடத்தியோருள் பெரும்பாலோர் இறையியல் கற்றுவிட்டுத் திருச்சபையில் போதகர் பதவியை எதிர்நோக்கியிருந்தவர்களாதலால், கற்பித்தல் இடைக்காலப் பிழைப்பாகவே கருதப்பட்டது. இக்குறையை நீக்க முனைந்தோருள் முன்னோடியான ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, ஹாலே நகரில் தாம் நிறுவிய கல்விக்கூடங்களில், மேல்வகுப்பு ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென 1707இல் தனிப் பயிற்சியகம் ஒன்றைத் தொடங்கினார். தரங்கம்பாடியில் பணியாற்றிய சீகன்பால்கு இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் அச்சேறியதும் அந்த ஹாலேயில்தான் என்பது தமிழர் நினைவில் கொள்ளத்தக்கது. ஆயினும் பிராங்கே பயிற்றியவர்களும் இறையியல் மாணவர்களே.

அக்கட்டை அறுத்தவர் பிரீட்ரிக் ஆகஸ்ட் வோல்ஃப். ஹாலே பல்கலைக்கழகத்தில் 1787இல் அவர் அமைத்த செமினார், அதாவது தேர்ந்தெடுத்த சிலர் ஆசிரியரோடு அமர்ந்து மூலநூல்களை ஆராயும் பயிலவை, போதகராக விரும்பியோருக்கன்றிப் பள்ளியாசிரியராகத் துணிந்தோருக்கே உரியதாயிற்று. அங்கு ஒருவர் இலத்தீனில் எழுதிய ஆய்வுரையை மற்றொருவர் இலத்தீனிலேயே மறுத்து வாதிட, படியெடுத்தோரின் பிழைகளைக் களைந்து மூலச்சொல்லை மீட்கும் பாட ஆய்வும் உரைவிளக்கமும் மாணவர் கைப்பழக்கமாயின. எந்தப் புதிய போதனா முறையைக் காட்டிலும், பள்ளியாசிரியரைப் போதகரிடமிருந்து பிரித்த இந்தப் பிரிவினையே இலத்தீன் ஆசிரியருக்குத் தனித்த தொழில் மதிப்பை ஈட்டித்தந்தது எனலாம்.

அம்மதிப்புக்குச் சட்ட வடிவம் தந்தது, வில்ஹெல்ம் ஃபொன் ஹும்போல்ட்டின் கல்விச் சீர்திருத்தத்தின் பயனாக 1810 ஜூலை 12 அன்று வெளியான அரசாணையாகும். அதுவரை நகரசபையோ புரவலரோ தம் விருப்பப்படி நியமித்துவந்த இடத்தில், எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, மாதிரிப் பாடம் ஆகியவற்றில் தேறியவரே, பல்கலைக்கழகத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் ஜிம்னாசியம் என்னும் உயர்பள்ளியில் கற்பிக்கலாம் என்றாயிற்று. அத்தேர்வு பண்டைய மொழிகளோடு வரலாற்றையும் கணிதத்தையும் உள்ளடக்கியிருந்தது.

எனினும் புலமை மிக்க இவ்வாசிரியர்கள் பத்து வயதுச் சிறுவனுக்கு வேற்றுமை உருபுகளைப் புரியவைக்கும் திறனைப் பல்கலைக்கழகத்தில் பெறவில்லை. இது உண்மையிலேயே பெருங்குறை. இதைப் போக்க, 1826இல் தேர்வுக்குப் பின் ஓராண்டு பள்ளியில் பணியாற்றும் சோதனை ஆண்டு கட்டாயமாக்கப்பட்டது. 1837ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், ஒன்பது வகுப்புகளின் வாராந்திரப் பாடவேளைகளைக் கூட்டினால் வரும் 280இல் 86 இலத்தீனுக்கே உரியவை என்பதால், அப்பயிற்சியின் தேவை எளிதில் விளங்கும். 1890இல் கற்பித்தல் முறைகளுக்கென மற்றோர் ஆண்டு சேர்க்கப்பட்டபோது, இலத்தீனின் ஆட்சி தளரத் தொடங்கியிருந்தது. 1892இல் அதன் பாடவேளைகள் 62ஆகக் குறைந்தன, பள்ளியிறுதித் தேர்வின் இலத்தீன் கட்டுரையும் நீக்கப்பட்டது. அவ்விரு பயிற்சி ஆண்டுகளின் வழிவந்ததே, இன்று ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த எந்தப் பாட ஆசிரியரும் கடக்க வேண்டிய ரெஃபரெண்டாரியாட் என்னும் பள்ளிப் பயிற்சிக்காலம்.