பழவேற்காட்டுப் பாதிரியாரும் அகராதிக் கல்வியும்

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆலைகள் மலிந்த கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது பழவேற்காடு. 1613-இல் ஒல்லாந்தர் ஆங்குக் கெல்திரியா என்னுங் கோட்டையை எழுப்பிச் சோழமண்டலக் கரை வாணிகத்துக்குத் தலைமையிடமாக்கினர். துணிப்பொதியும் கப்பற்கணக்குமே பேச்சாயிருந்த அவ்வூரிலேதான் பர்த்ருஹரியின் சதகங்கள் முதன்முதலாக ஐரோப்பிய மொழியொன்றிற் புகுந்தன. அதனைச் செய்தவர் ஆபிரகாம் ரொஜேரியுஸ் என்னும் பாதிரியார்.

கும்பினியாரின் ஊழியர்க்கு வழிபாடு நடத்துவது அவர் தொழில். 1630-களிற் றொடங்கி ஏறத்தாழப் பத்தாண்டு ஆங்கிருந்தார். வடமொழி அறியார். அம்மொழிக்கு ஐரோப்பியர் அகராதி அவர்க்குக் கிட்டவில்லை. இந்நாட்டுப் பள்ளிச் சிறார் நாவில் அமரகோசம் மனப்பாடமாய் இருந்தது உண்மை. ஆயினும் வடசொல்லுக்கு வடசொல்லே பொருளாகக் கூறும் நிகண்டு புறத்தார்க்கு என் செய்யும்? ஆகவே பத்மநாபர் என்னும் அந்தணரை அடுத்தார். பத்மநாபர் சுலோகத்தின் பொருளைப் போர்த்துக்கீசியத்தில் எடுத்துரைப்பர். பாதிரியார் அதனை ஒல்லாந்த மொழியில் எழுதிக்கொள்வர். இருவர்க்கும் தாய்மொழியல்லாத ஒரு மொழியே இடையில் நின்ற பாலம். பெயர்களைச் செவி கொண்டவாறே வரைந்தமையால் இருக்கு வேதம் அவர் நூலில் ‘ரோகோவேதம்’ ஆயிற்று. அது நகைத்தற்குரியதன்று. கேட்டதைக் கேட்டபடி எழுதிய நேர்மை, பின்வந்தோர் சிலர் ஏடு திருத்திய துணிவினும் மேலானது.

‘மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு’ என்னும் பொருள்பட்ட பெயரோடு அந்நூல் 1651-இல் லெய்டன் நகரில் அச்சேறியது. ஆசிரியர் அதற்கு ஈராண்டு முன்னரே, 1649-இல், இறந்துவிட்டார். 1663-இல் ஜெர்மனிலும் 1670-இல் பிரெஞ்சிலும் அது பெயர்க்கப்பட்டது. நீதி சதகமும் வைராக்கிய சதகமும் அதன்கண் உள்ளன. சிருங்கார சதகம் இல்லை. (பர்த்ருஹரியையே பத்திரகிரியாராக நம்மவர் சொல்லும் கதை வேறு, அதற்கு வரலாற்றுச் சான்று போதாது.)

இவ்வில்லாமை கருதத்தக்கது. மொழி அறியாது ஆசிரியர் வாய்ச்சொல்லையே பற்றுவோர்க்கு அவ்வாசிரியர் கொடுத்தது கிடைக்கும்; கொடாதது கிடையாது; கொடுத்ததனையும் ஒத்துப் பார்க்க வழியில்லை. சைவரைப் பற்றி அந்நூல் கூறுவனவும் பெரும்பாலும் அந்தணர் வாயிலாக வந்தனவே. அகராதி ஒன்று கையிலிருந்தாற் பாதிரியார் ஒரு சொல்லையேனும் நிறுத்தி வினவியிருப்பர்.

அக்குறை பின்னர்த் தீர்ந்தது. தீர்ந்தவிடத்து வேறொன்று முளைத்தது. 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்துச் சதுரகராதி செய்தார். 1819-இல் வில்சனின் வடமொழி அகராதியும், 1862-இல் 67,000-க்கு மேற்பட்ட சொற்களோடு வின்சுலோவின் தமிழகராதியும் வெளிவந்தன. 1855 முதல் 1875 வரை போத்லிங்கும் ரோத்தும் ஏழு பெருந்தொகுதிகளாக வடமொழிப் பேரகராதி ஒன்றை இயற்றினர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924-இல் வெளிவரத் தொடங்கி 1936-இல் முற்றி, 1939-இல் அநுபந்தமும் பெற்றது. உத்தியோக நேரம் போக மிகுந்த பொழுதிலே, இவற்றை மேசைமேற் பரப்பிச் சாத்திரம் பயிலப் புகுந்த அன்பர் பலர். அவர் ஆர்வம் இகழத்தக்கதன்று. 1895-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் தொழிலால் மாவட்ட முன்சீப்பே.

இடர்ப்பாடு எங்கே எனின், சொல் ஒன்றாயிருக்கப் பொருள் துறைதோறும் வேறுபடுமிடத்தே. ஆணவம் என்பதற்கு உலக வழக்கிற் செருக்கு என்பர். சித்தாந்தத்தில் அஃது உயிரை அநாதியே பற்றிய மூலமலம், செருக்கென்பது அதன் விளைவுகளுள் ஒன்று. பசு என்பதற்கு ஆவென்றே கொண்டு முப்பொருள் உண்மையைப் படிக்கப் புகுந்தோர் எங்ஙனம் கரையேறுவர்? நல்ல அகராதிகள் இவ்வழக்கையும் தனியே குறிக்கின்றன. ஆயின் பல பொருளுள் இவ்விடத்துக்கு உரியது எதுவென்று குறித்துக் காட்டுவது உரையும் உரை கேட்ட மரபுமே. மடங்களில் நிகண்டை முதலில் நெட்டுருப் பண்ணுவித்து, அதன்பின் இலக்கணமும் சாத்திரவுரையும் பாடங்கேட்பித்த முறைமை இதுபற்றியது.

போப்பையர் இரண்டையும் கூட்ட முயன்றார். தமிழறிஞரோடு பல்லாண்டு பழகியவர், 1900-இல் தம் எண்பதாம் அகவையில் திருவாசக மொழிபெயர்ப்பை வெளியிட்டபொழுது, அந்நூலிலேயே சொல்லகராதியொன்றையும் தாமே தொகுத்துச் சேர்த்தனர்.