குளிரைத் தேடியவர்களும் குளிருக்கு வந்தவர்களும்

"உமக்கு எந்தச் சுவாத்தியம் பிடிக்கும்?" என்று எவரேனும் கேட்டால் நான் தயங்காமல் மறுமொழி சொல்லிவிடுவேன். வடமராட்சியிலே பிறந்தவன் நான். சித்திரை வெயிலிலே பனங்கூடல்களுக்குள் திரிந்து வளர்ந்தவன். அங்கே வெயில் சுட்டாலும் சோளகம் வீசத் தொடங்கினால் வியர்வை உடம்பிலே நிற்காது. கொழும்பு அப்படியல்ல. வெப்பமானி யாழ்ப்பாணத்திலும் குறைவாகக் காட்டும் நாளிலேகூடச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புழுக்கத்தோடு எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. குளிரோ என்றால், அதனோடு எனக்கிருந்த வழக்கைப் பின்னர் சொல்கிறேன்.

சூடு பிடிக்கும், குளிர் பிடிக்கும் என்பதெல்லாம் திண்ணையிலே இருந்து பேசிப் பொழுதுபோக்கும் சங்கதி என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் எங்கள் மலைநாட்டின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க வேறொன்று தெரிந்தது. சிலருடைய விருப்பு ஊர்களை உண்டாக்கியிருக்கிறது. வேறு பலருடைய விருப்பை எவருமே கேட்கவில்லை.

எங்களுடைய பழைய இலக்கணகாரர் சுவாத்தியத்தைச் சில்லறை விடயமாகக் கருதவில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே வைத்தார்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரியவை, பாலைக்கு வேனில். மலைக்கும் குளிருக்கும் புணர்ச்சியைச் சேர்த்தார்கள். வெம்மைக்குப் பிரிவைச் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்த ஒழுங்கு தலைகீழாயிற்று என்பதை ஒரு கணம் மனதிலே வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கண்டி இராச்சியம் 1815 இலே ஆங்கிலேயர் கைக்குப் போனது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1819 இலே, ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் நுவரெலியாச் சமவெளிக்குப் போய்ச் சேர்ந்தார். இவர் பெயர்பெற்ற இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் தம்பி. 1821 இலே இலண்டனில் வெளிவந்த தம்முடைய நூலிலே அந்த இடத்தைப் பற்றி எழுதினார். அதே 1819 ஆம் ஆண்டிலேதான் கடலுக்கு அப்பால் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் நீலகிரியிலே ஏறினார். அங்கேயும் பின்னர் உதகமண்டலம் என்ற வெள்ளைக்கார ஊர் எழுந்தது. இரண்டு மலைகள், இரண்டு பேர், ஒரே ஆண்டு. தற்செயல்தான், ஆனாலும் வெறுந் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வெப்பவலயத்திலே ஆட்சி செய்ய வந்தவன் எந்த மலையைக் கண்டாலும் அதன் உச்சியிலே தன் ஊரைத் தேடினான்.

அதிலே உயிர்ப் பயமும் கலந்திருந்தது. மலேரியாவைக் கொண்டு திரிவது நுளம்பு என்பதை ரொனால்ட் ரொஸ் காட்டியது 1897 இலேதான். அதற்கு முன்னர் சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று வைத்தியர்கள் நம்பினார்கள். காரணம் பிழை, அனுபவம் சரி. உயரமான இடத்திலே காய்ச்சல் குறைவு. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். 1,868 மீற்றர் உயரத்திலே இருக்கும் நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை அளவு. யாழ்ப்பாணத்தின் சராசரி 28 பாகையை ஒட்டியது. தேசாதிபதி சேர் எட்வேர்ட் பார்ண்ஸ் 1820களின் இறுதியிலே அங்கே தமக்கொரு மாளிகை கட்டினார்; நோயுற்ற படைவீரர் தேறுவதற்கு ஒரு நிலையமும் அமைந்தது. அந்த மாளிகையே பிற்காலத்திலே கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது.

ஆனால் நுவரெலியாவை ஓர் ஆங்கிலக் கிராமமாக்க வேண்டும் என்று கனவு கண்டவர் சாமுவேல் பேக்கர். பின்னாளிலே ஆபிரிக்காவில் அல்பர்ட் ஏரியைக் கண்டவர் என்று புகழ்பெற்ற அதே பேக்கர்தான். யானை வேட்டைக்காக இலங்கைக்கு வந்தவரைக் காய்ச்சல் பிடித்தது. உடல் தேறுவதற்கு நுவரெலியாவுக்கு அனுப்பப்பட்டார். சில நாட்களிலே உடம்பிலே பலம் ஏறியது. உடனே மனதிலே ஒரு குடியேற்றம் முளைத்துவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் 1848 இலே ஒரு சிறு இங்கிலாந்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். பண்ணையாட்கள், கொல்லன், உயர்சாதிக் காளை, பசு, செம்மறிக் கடாக்கள், வேட்டை நாய்கள், குதிரைவண்டி.

அதன்பின் நடந்ததை அவரே தம்முடைய நூலிலே எழுதியிருக்கிறார். படிக்கும்போது சிரிப்பும் வரும், பரிதாபமும் வரும். குடிவெறியிலே இருந்த குதிரைக்காரன் மலைப்பாதையிலே வண்டியை உடைத்தான். பசு ஏற்றம் தாங்காமல் வழியிலேயே செத்தது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரிலே மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன. பச்சைப் பசேலென்று தெரிந்த நிலம் உரமில்லாமல் எதையும் தர மறுத்தது. குளிர் இங்கிலாந்தை ஒத்திருந்தது; மண் ஒத்திருக்கவில்லை. 1855 இலே பேக்கர் நாட்டை விட்டுப் போனார். பிடித்ததால் வந்தார், போதும் என்று தோன்றியபோது போனார். இந்தச் சுதந்திரத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் எல்லாரும் குளிர்ப்பித்தர் என்றும் சொல்லிவிட முடியாது. 1905 இலே யாழ்ப்பாணத்துக்கு உத்தியோகம் பார்க்க வந்த லெனாட் வுல்வ், பின்னர் 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையிலே இருந்தார். அந்த வறண்ட காட்டு நாட்டிலே அவருடைய மனம் பறிபோயிற்று. அதிலிருந்துதான் 1913 இலே வெளிவந்த அவருடைய காட்டுக் கிராம நாவல் பிறந்தது. வடமராட்சிக்காரனான எனக்கு வுல்வின்மீது தனிப் பிரியம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, மலைக்கே திரும்புவோம்.

அதே மலைக்கு இன்னொரு கூட்டமும் ஏறி வந்தது. அவர்களுக்கு உடம்பு தேற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை, வயிற்றை நிரப்பவேண்டியிருந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் என்ற பக்கங்களிலிருந்து வந்தார்கள். பெரும்பாலும் கண்மாய் வற்றினால் வாழ்வும் வற்றிவிடுகின்ற ஊர்கள் அவை. தோணியேறி மன்னார்க் கரையிலே இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் காலால் நடந்து கடந்தார்கள். காட்டிலே காய்ச்சல், வாந்திபேதி. எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். தப்பியவர்கள் மலையேறியபோது மழையும் அட்டையும் மூடுபனியும். சில வாரங்களுக்குள் ஒரே உடம்பு மூன்று சுவாத்தியங்களைக் கண்டது.

கோப்பிக் காலத்திலே ஒரு சலுகை இருந்தது. பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிய ஊர் திரும்பலாம். பலர் அப்படித்தான் வந்துபோனார்கள். 1869 இலே கோப்பி இலைகளிலே நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1867 இலே, லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். தேயிலை பருவம் பார்க்கும் பயிரல்ல. ஆண்டு முழுவதும் கொழுந்து விடும். ஆண்டு முழுவதும் கை வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் வேறு ஆட்களைத் துரத்தியது. வந்துபோனவர்கள் வந்து தங்கியவர்கள் ஆனார்கள்.

அதுமட்டுமல்ல. தேயிலை கோப்பியை விட உயரத்திலும் வளர்ந்தது. குளிரிலே கொழுந்து மெல்ல வளரும். மெல்ல வளர்ந்த கொழுந்துக்கு மணம் கூடும். குளிர்ந்த இரவும் வறண்ட காற்றும் சேருகின்ற மாதங்களிலே, திம்புளைப் பக்கம் தை மாசியில், ஊவாவிலே ஆடி ஆவணியில், மிக உயர்ந்த தேயிலை கிடைக்கும். ஆக, துரைக்குப் பிடித்த குளிர் ஒன்று, தேயிலைக்குப் பிடித்த குளிர் ஒன்று. இரண்டையும் அளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். தொழிலாளிக்கு எது பிடித்தது என்று எழுதிய கணக்குப்புத்தகம் எதையும் நான் காணவில்லை.

கணக்கிலே ஏறியது கம்பளி. கறுத்த, முரட்டு ஆட்டுமயிர்க் கம்பளி. மழைக்கு அதுவே குடை, இரவுக்கு அதுவே போர்வை, பிள்ளைக்கு அதுவே தொட்டில். தோட்டம் கொடுத்தது என்று சொல்வார்கள். அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவிலே, புகைக்கு நடுவே, ஒரு குடும்பம் அந்தக் கம்பளிக்குள் சுருண்டது. வெறுங்காலோடு ஈர மண்ணிலே நின்றவர்களைக் கொழுக்கிப்புழு பிடித்தது. அதை ஒழிப்பதற்கு 1916 இலே றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகிக்கலாம். பேக்கரைத் தேற்றிய அதே மலைக்காற்று இவர்களுடைய நெஞ்சிலே சளியாகக் கட்டியது. குறிஞ்சிக்குப் புணர்ச்சி என்று வகுத்த இலக்கணம் இங்கே பொய்த்தது. பிரிந்துபோன உறவுகளெல்லாம் பாலை நிலத்திலே இருந்தன. மடக்கும்புரையிலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை இந்த மக்களின் பாடல்களைத் தேடித் திரட்டியிராவிட்டால் அந்தத் துயரத்தின் பெரும்பகுதி எங்களுக்கு எட்டியிராது.

ஆனால் உடம்பு விசித்திரமானது. மூன்றாம் தலைமுறையிலே அந்தக் குளிர் அவர்களுடைய குளிராகிவிட்டது.

இதை நான் கண்ணாலே கண்டேன். 1979 இலே அட்டன் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்கு ஆசிரியனாகப் போனேன். தை மாதத்து முதற் காலை, கிணற்று நீரிலே குளித்துப் பழகிய நான் பீலித் தண்ணீரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டேன். இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனால், பிள்ளைகள் மெல்லிய வெள்ளைச் சட்டையோடு, செருப்புமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்கள். "சேருக்குக் குளிருதுடா" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். நாலு வருடம் இருந்தேன். குளிரோடு எனக்கிருந்த வழக்கு தீரவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அது வழக்கே அல்ல, ஊர்.

அந்த ஊரைத்தான் அரசுகள் காகிதத்திலே பங்கிட்டன. 1948 இலே பிரசாவுரிமை போயிற்று. 1964 ஒக்ரோபரிலே ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974 இலே பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னார் வரை ரயில், அப்பால் கப்பல். "தாயகம் திரும்பியோர்" என்று தமிழ்நாட்டிலே பெயர் வைத்தார்கள். திரும்பியவர்களிலே பலர் அந்தத் தாயகத்தை முன்பு கண்டவர்கள் அல்லர். பாட்டன் விட்டுவந்த வெயில் பேரனுக்கு அந்நியமாயிருந்தது. சமவெளி மாவட்டங்களிலே கடை வைக்கக் கடன் கிடைத்தவர்களிலும் எத்தனையோ பேர் அதை விட்டுவிட்டு மறுபடி மலை தேடினார்கள். நீலகிரியிலே அவர்களைக் குடியமர்த்துவதற்கென்றே 1968 இலே அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டிருந்தன. கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் அதே கொழுந்து, அதே பனி. வேலைக்காகப் போனார்கள் என்று பொருளியல் சொல்லும். அது உண்மைதான். குளிருக்காகவும் போனார்கள் என்று நான் சொல்வேன். சலிவன் ஏறிய மலைக்கே டேவி ஏறிய மலையின் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லாரும் கப்பல் ஏறவில்லை. 1958 இலும் 1977 இலும் நடந்த வன்செயல்கள், 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களிலே தலைவிரித்த பட்டினி, இவற்றால் துரத்தப்பட்டுப் பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் பாட்டன்மார் செத்து விழுந்து கடந்த அதே வன்னிக் காடு.

1985 இலே கிளிநொச்சிக்கு அருகே ஒரு குடியேற்றத்திலே ஒரு பெரியவரைச் சந்தித்தேன். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே கவ்வாத்து வெட்டியவர். 1977 இலே வந்தவர். மண்சுவர் வீடு, முற்றத்திலே மிளகாய்க் கன்று. பங்குனி வெயில் கூரையைப் பிளந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே கொடியிலே ஒரு கறுத்தக் கம்பளி மடித்துத் தொங்கியது.

"ஐயா, இந்த வெக்கைக்கு இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"பகல் வெயிலு பழகிப்போச்சுங்க சேர். ராவுலதான் தூக்கம் வரமாட்டேங்குது. குளிரு இல்லாம எப்படிங்க தூங்குறது?" என்றார். பிறகு வெட்கத்தோடு, "சும்மா தலைமாட்டுல வச்சுக்கிருவேன்" என்றார்.

அந்த மார்கழியிலே மாரி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. எங்களுக்கெல்லாம் நடுக்கம். சைக்கிளிலே அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். பெரியவர் கம்பளியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, திண்ணையிலே, மழைச்சாரல் முகத்திலே படும்படி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையை உயர்த்தினார்.

"சேர், இன்னைக்குத்தான் ஊரு மாதிரி இருக்கு."