மீன்சாற்றின் புளிப்பும் உறைப்பும்

வங்கக் கடலையும் அதற்கு அப்பாலுள்ள தென்சீனக் கடலையும் கரையோரமாகவே சுற்றி வருவோமானால், அனேகமாக ஒவ்வொரு நாட்டின் அடுப்பங்கரையிலும் புளிப்பும் உறைப்பும் கூடிய ஒரு மீன்பானை கொதித்துக்கொண்டிருப்பதைக் காணலாம். நம்மிடத்தில் அது மீன்குழம்பு. அஸ்ஸாமில் 'மாசொர் டெங்கா'. தாய்லாந்தில் 'தோம் யாம்', 'கேங் சோம்'. மலேசியாவில் 'ஆசம் பெடாஸ்'. வியட்நாமில் மேகோங் ஆற்றின் கழிமுகத்தில் 'கான் சுவா'. பிலிப்பைன்ஸ் தீவுகளில் 'சினிகாங்'. ஆங்கிலேயர் இவற்றையெல்லாம் 'சூப்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் என்றும் ஒரு சங்கடம். ரசம் என்றால் மெலிந்துவிடுகிறது. குழம்பு என்றால் தடித்துவிடுகிறது. வைணவர் இல்லங்களில் ரசத்தைச் சாற்றமுது என்பர். கன்னடத்தாரும் அதைச் 'சாரு' என்றே வழங்குவர். வைணவ அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. இங்கே மீன்சாறு என்ற சொல்லையே கையாளுகிறேன்.

பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவரிடையே இதைப் பற்றி இரண்டு எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. புளியும் மிளகாயும் கூடிய மீன்பதம் தொன்றுதொட்டு நமக்கே உரியது, அயல்வீட்டார் வைப்பது சப்பென்ற மீன்தண்ணீர் என்பது ஒன்று. ஊர்ப்புளி கிடைக்காத இடத்தில் எதை வைத்தாலும் வாய்க்கு விளங்காது என்பது மற்றொன்று. தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் இவ்விரண்டையும் சரித்திரம் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கு ஏட்டுச் சான்றுகளைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டுவதில்லை. சமையலறையில் நாள்தோறும் புழங்கும் சொற்களே போதும்.

'மிளகாய்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மிளகு போல் உறைக்கும் காய் என்பதே அதன் பொருள். அஃதாவது, அந்தக் காய் வந்தபோது மிளகு ஏற்கெனவே வீட்டில் இருந்தது. வடக்கே மிளகைக் குறித்த 'மரிச்' என்ற வடசொல்லின் வழிவந்த 'மிர்ச்' இன்று மிளகாயின் பெயராகிவிட்டது. பழைய உரிமையாளராகிய மிளகு 'காலி மிர்ச்' என்று நிறத்தைச் சொல்லித் தன்னை அடையாளங்காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அஸ்ஸாமியர் மிளகை 'ஜாலுக்' என்றும், மிளகாயை அச்சொல்லை ஒட்டியே 'ஜலகீயா' என்றும் கூறுகின்றனர். வங்காளியருக்கு மிளகாய் 'லங்கா'. கடல் கடந்து வந்தது என்ற நினைவு அப்பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாய்லாந்தில் 'பிரிக்' என்றால் இன்று மிளகாய். மிளகோ 'பிரிக் தாய்', தாய்நாட்டு மிளகு! இந்தோனேசியர் மிளகாய்க்கு வழங்கும் 'சபை' என்ற பெயர் முன்னர் அவர்கள் நாட்டுத் திப்பிலியைக் குறித்தது. சீனரோ தம் நாட்டு உறைப்புக் காய்க்குரிய 'ஜியாவ்' என்னும் பெயரோடு 'அயல்நாட்டு' என்ற அடைமொழியைச் சேர்த்துக்கொண்டனர். அங்கே மிளகாயைக் குறிப்பிடும் பழைய நூல் காவ் லியான் என்பவர் 1591இல் எழுதியது. இத்தனை மொழிகளும் ஒரு பொருளுக்குப் பிறிதொரு பொருளின் பெயரை இரவல் கொடுத்திருக்கின்றன என்றால், அப்பொருள் பிந்தி வந்த விருந்தாளி என்பதில் ஐயமென்ன?

அவ்விருந்தாளியின் பிறந்தகம் அமெரிக்கா. கொலம்பஸ் 1492இல் மிளகைத் தேடிப் புறப்பட்டு மிளகாயைக் கண்டார். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டை அடைந்தார். போர்த்துகீசியர் 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அதே 1511இல் அவர்களுடைய தூதர் சயாமின் தலைநகராகிய அயுத்தியாவிற்குச் சென்றார். இக்கப்பல் வழிகளில்தான் மிளகாய் கிழக்கே பரவியது. அதற்கு முன்பும் மீன்சாறு உறைத்தது. மிளகாலும் திப்பிலியாலும் இஞ்சியாலும் உறைத்தது. சங்க நூல்களில் 'கறி' என்ற சொல்லே மிளகைக் குறிக்கும். யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்கு வந்ததும் அதற்காகவே. வடசீனத்தின் புளிப்புச் சூப்பில் இன்றும் காடி புளிக்கிறது, மிளகு உறைக்கிறது. மிளகாய்க்கு அங்கே வேலை அதிகமில்லை. நம் மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் மேசையில் 'முல்லிகடானி'யாகி உலகம் சுற்றியதும் அப்பழைய உறைப்பின் துணைகொண்டே.

பிலிப்பைன்ஸின் செய்தி இன்னும் சுவையானது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்காபுல்கோவிற்கும் மணிலாவிற்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மிளகாயின் தாயகத்தோடு அத்தகைய நேரடித் தொடர்பு ஆசியாவில் வேறெவர்க்கும் வாய்க்கவில்லை. எனினும் அவர்களுடைய சினிகாங் புளிப்போடு நின்றுவிட்டது. ஒரு நீண்ட பச்சைமிளகாய் பெயருக்கு மிதப்பதோடு சரி. விருந்தாளி வாசல்வரை வந்தும் ஒரு வீட்டில் நடுக்கூடத்திலும் மற்றொரு வீட்டில் திண்ணையிலும் அமர்வது வீட்டாரின் விருப்பத்தைப் பொறுத்தது போலும்.

புளிப்பின் கதை வேறு. அதன் பெயர்கள் இரவல் வாங்கப்பட்டவை அல்ல. தமிழில் 'புளி' சுவைக்கும் பெயர், பழத்திற்கும் பெயர். மலாய் மொழியில் 'ஆசம்' அவ்வாறே இரண்டையும் குறிக்கும். அஸ்ஸாமியில் 'டெங்கா' என்றால் புளிப்பு. புளிக்கும் காய்களும் அப்பெயரே பெறும். தாய்மொழியில் 'சோம்' புளிப்பையும் ஆரஞ்சுப் பழத்தையும் குறிக்கும். ஆயினும் புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்பர் தாவர நூலார். மிகப் பழங்காலத்திலேயே நம் நாட்டிற்கு வந்து நம்முடையதாகவே ஆகிவிட்டமையால், அரபியர் அதை 'தமர் ஹிந்தி', இந்தியப் பேரீச்சை, என்றனர். 1563இல் கோவாவில் நூல் வெளியிட்ட மருத்துவர் கார்சியா ட ஓர்ட்டா, மலபாரில் அதற்குப் 'புளி' என்று பெயர் எனக் குறித்து, அரபுப் பெயருக்கும் விளக்கம் தந்துள்ளார்.

புளி ஒன்றுதான் புளிப்பு என்று எந்தக் கரையும் கருதவில்லை. கேரளத்தில் குடம்புளி, கொங்கணத்தில் கோகம் தோலை உலர்த்திய 'ஆம்சோல்', அஸ்ஸாமில் 'தெகெரா' வற்றலும், 'ஔ டெங்கா' என்னும் பெருங்காயும், வங்காளத்தில் மாங்காய், மேகோங் கழிமுகத்தில் புளியோடு அன்னாசியும் தக்காளியும். பின்னிரண்டும் மிளகாயைப் போலவே அமெரிக்காவிலிருந்து வந்தவை. கொங்கணத்தார் கானாங்கெளுத்திக் குழம்பில் இடும் 'திர்ஃபள்' என்ற காய், சீனரின் அந்தப் பழைய 'ஜியாவ்' வகைக்கு நெருங்கிய உறவு. தாய்லாந்தின் இறால் தோம் யாம் 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது, தகுதியான பெருமையே. ஆனால் பட்டியல் ஒரு நாட்டின் பெயரைத்தான் எழுதும். பானைக்குள் இருப்பதோ பல நாடுகள்.

மீனுக்குப் புளிப்பு ஏன் இத்தனை இன்றியமையாததாயிற்று? கடல்மீன் இறந்தபின் அதன் தசையில் டிரைமெத்திலமீன் என்ற பொருள் உண்டாகிறது. மீன்நாற்றம் என்பது பெரும்பாலும் அதுவே. அது இரசாயனத்தார் கூறும் காரத்தன்மை உடையது. (இக்குழப்பத்திற்கு அஞ்சியே நாவின் காரத்தை நான் உறைப்பு என்று எழுதிவருகிறேன்.) அமிலம் அதனோடு சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறி நாற்றம் அடங்குகிறது. தசையும் குலையாமல் இறுகி நிற்கிறது. அதே அமிலம் செம்பையும் பித்தளையையும் அரிக்குமாதலால், ஈயம் பூசாத பாத்திரத்தை நம் முன்னோர் விலக்கி மண்சட்டியை நாடினர்.

ஆகவே, தில்லியிலோ குவாஹாத்தியிலோ உள்ள இல்லத்தரசியார் ஊரிலிருந்து புளிப்பொட்டலம் வரும்வரை மீனைத் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. அந்தந்த மண்ணின் புளிப்பை அறிந்து, அதற்குரிய நேரத்தில் சேர்ப்பதே முறை. புளிக்கரைசல் பச்சைவாடை போகக் கொதித்த பின்னரே மீன் இறங்கவேண்டும். குடம்புளியையும் கோகத்தையும் வெந்நீரில் ஊறவைத்து அந்நீரோடு சேர்க்கவேண்டும். எலுமிச்சையோ கொதித்தால் கசக்கும். சட்டியை இறக்கிய பின்னரே பிழிய வேண்டும். தோம் யாமின் இரகசியம் இந்தக் கடைசி விதியில்தான் இருக்கிறது. மீன்தலையையும் முள்ளையும் அரைமணி நேரம் மெல்லக் காய்ச்சி வடித்து, அந்நீரில் நசுக்கிய எலுமிச்சம்புல்லையும் பேரரத்தைத் துண்டுகளையும் இட்டுக் கொதிக்கவிட்டு, மீன்துண்டுகளைச் சேர்த்து ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடுவர். பேரரத்தை நாட்டுமருந்துக் கடைகளில் உலர்ந்ததாகக் கிடைக்கும். பச்சையாகக் கிடைத்தால் மணம் மிகும். அவர்கள் இடும் காட்டெலுமிச்சை இலைக்கு நாரத்தை இலை ஏறக்குறைய ஈடாகும். நாரத்தை இலையை இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் நமக்கு அம்மணம் புதிதன்று.

அஸ்ஸாமியரின் டெங்காவில் இவ்வளவு வாசனைப் பொருள்களும் இல்லை. ரோகு மீனுக்கு மஞ்சளும் உப்பும் தடவிக் கடுகெண்ணெயில் இலேசாகப் பொரித்து எடுத்து வைப்பர். எஞ்சிய எண்ணெயில் வெந்தயம் தாளித்து, சுரைக்காயையும் நசுக்கிய ஔ டெங்காத் துண்டுகளையும் வதக்கித் தண்ணீர் விடுவர். காய் வெந்து புளிப்பு இறங்கியபின் மீனைச் சேர்த்துச் சில நிமிடங்கள் கொதிக்கவிட்டு, கொத்துமல்லித் தழை தூவி இறக்குவர். சாறு தெளிவாக, இளமஞ்சளாக இருக்கும். கோடை நண்பகலில் சுடுசோற்றோடு அதை உண்கின்றனர். உறைப்பு வேண்டுவோர் இலை ஓரத்தில் ஒரு பச்சைமிளகாயை வைத்துத் தனியே கடித்துக்கொள்கின்றனர்.