கேள்வியும் தச்சனும்: இலங்கையின் கைவினைத் தளபாடங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்வெட்டும் செப்பேடும் அரசரைப் பற்றிக் கூறுவன. உரலும் பெட்டகமும் அவற்றைப் புழங்கிய மக்களைப் பற்றிக் கூறுவன. இலங்கையில் மரத்தாலான வீட்டுப் பொருட்களுக்கிருந்த கேள்வி காலந்தோறும் எவ்வாறு மாறியது என்பதையும், அம்மாற்றம் தச்சனின் நிலையை எவ்வாறு பாதித்தது என்பதையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இம்மாற்றத்தின் முதற் சான்று மொழியிலேயே உள்ளது. கட்டில், பெட்டகம், உரல், உலக்கை, தொட்டில் என்பன தொன்றுதொட்டு வழங்கும் தமிழ்ச் சொற்கள். கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு என்பனவோ போர்த்துக்கேய மொழியினின்று வந்தவை. பாய் விரித்து அமர்ந்து உண்ட வீட்டிற்குக் கதிரையும் மேசையும் வேண்டியிருக்கவில்லை. 1505இல் இலங்கைக்கு வந்து, 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் வாழ்க்கை முறையோடு, பொருளும் அதன் பெயரும் ஒருங்கே வந்தன எனலாம். ஆயின் அவற்றைச் செய்த கை உள்ளூர்த் தச்சனுடையதே.

ஒல்லாந்தர் காலத்தில் (1658–1796) இக்கேள்வி மேலும் விரிந்தது. கம்பனியின் வேலைத்தலங்களில் உள்ளூர்த் தச்சர் ஐரோப்பிய மாதிரிகளைப் பின்பற்றிக் கருங்காலி, முதிரை முதலிய மரங்களிற் பொருட்களைச் செய்தனர். பிரம்பு பின்னிய வட்ட இருக்கையும் வளைந்த முதுகும் கொண்ட 'பர்கோமாஸ்டர்' கதிரை இக்காலத்துக்குரியது. பித்தளைப் பட்டயங்கள் பதித்த பெரிய பெட்டகமும் அவ்வாறானதே. இப்பெட்டகம் ஒல்லாந்தரின் வீட்டோடு நின்றுவிடவில்லை. 1707இல் ஒல்லாந்தராட்சியில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தை மனைவியின் தனிச் சொத்தாகக் கொண்டது. அத்தகைய சமுதாயத்தில், நகையும் கூறைச் சேலையும் உறுதிகளும் வைத்துப் பூட்டுவதற்குரிய பெட்டகம் வெறுந் தளபாடமன்று. குடும்பத்தின் உடைமைக்குக் காவலுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கேள்வியின் தன்மையே மாறியது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கோப்பிப் பெருந்தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வண்டியும் பீப்பாவும் களஞ்சியமும், துரைமாரின் பங்களாக்களுக்குத் தளபாடமும் தேவைப்பட்டன. மொறட்டுவைத் தச்சர் இவ்வாய்ப்பை நன்கு பயன்படுத்தினர். 1860இல் கொழும்பில் எச். டொன் கரோலிஸ் நிறுவிய தளபாட வாணிகம் பின்னர் கடல்கடந்தும் பொருட்களை அனுப்பியது. இங்கு நோக்கற்பாலது யாதெனில், முன்பு ஒரு வீட்டாருக்காக, அவர்கள் தந்த மரத்தில் வேலை செய்த தச்சன், இப்போது முகமறியாத நுகர்வோருக்காக வேலை செய்யத் தொடங்கினான் என்பதாகும். வருவாய்க்கு வழி பிறந்தது. ஆனால் அவ்வருவாயில் முதலாளிக்கும் பங்குண்டாயிற்று.

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் ஆங்கில நூல், கைவினைகளைப் பேணிய சமுதாய அமைப்பின் சிதைவையும் கைவினைகளின் சிதைவையும் இணைத்து நோக்கியது. ஆயினும் அரச ஆதரவின் மறைவு மட்டும் இவ்வீழ்ச்சியை முற்றாக விளக்கிவிடாது. அரசனை ஒருபோதும் நம்பியிராத உரலும் உலக்கையும் வேறு காரணத்தாலேயே அருகின. நெல்லையும் மாவையும் ஆலை ஏற்றுக்கொண்டதும், அவை நாளாந்தத் தேவையினின்று நீங்கின. இடியப்ப உரலும் மரத்தினின்று உலோகத்துக்கும் பிளாஸ்டிக்கிற்கும் மாறியது.

மரத்தின் வழங்கலும் இடர்ப்பட்டது. 1941இல் கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை தொடங்கியது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. உணவு தரும் மரங்களைக் காப்பதில் இச்சட்டம் நியாயமானதே. எனினும் தச்சனுக்கு அது புதியதொரு தடையாயிற்று. ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜவனத்தில் 1972இல் தொடங்கிய மரந்தறிப்பு 1977இல் நிறுத்தப்பட்டது. அதே 1977இல் வந்த திறந்த பொருளாதாரம், அதுவரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினாற் காக்கப்பட்டிருந்த உள்ளூர்த் தொழிலைப் போட்டிக்குள் தள்ளியது.

வடபுலத்தில் இக்கதைக்கு மற்றுமொரு முடிவும் உண்டு. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, சைக்கிளிலும் கையிலும் கொண்டு செல்லக் கூடியவையே உடன் சென்றன. நான்கு பேர் தூக்கும் பெட்டகம் அங்கேயே நின்றது. மீண்டு வந்தவர்களுட் பலர் கதவும் நிலையுமற்ற சுவர்களையே கண்டனர். வெற்று வீட்டிற்கு முதலில் வாங்கக் கூடியதாயிருந்தது மலிவான பிளாஸ்டிக் கதிரையே. இதை மக்களின் சுவைக்குறைவு என்பது பொருந்தாது. இழப்புக்கும் வறுமைக்கும் இடையே அவர்கள் செய்த தெரிவு அது.

இன்று பழைய பெட்டகங்களுக்கு மீண்டும் கேள்வி எழுந்துள்ளது. வாணிகர் அவற்றைத் தேடி வாங்குகின்றனர். வசதி படைத்தோர் விறாந்தையில் வைத்து அழகு பார்க்கின்றனர். ஆனால் இக்கேள்வி பொருளின் வயதுக்கேயன்றித் தச்சனின் தொழிலுக்கன்று. பழைய பெட்டகம் கைமாறும்போது வரும் இலாபத்தில், அதே வேலையை இன்று செய்யவல்ல ஒருவனுக்குப் பங்கில்லை. அவன் மகன் அத்தொழிலைக் கற்கவும் அது காரணமாவதில்லை. கைவினைகளைக் காக்க எண்ணுவோர் பொருட்களை நூதனசாலையிற் சேர்ப்பதோடு அமைதல் போதாது. பாடசாலை மேசைக்கும் கோயிற் கதவுக்கும் திருமண வீட்டு அலுமாரிக்கும் அவனிடமே செல்லுதல் வேண்டும். முன்பு கதிரையைக் கற்ற கை, இன்றும் புதியவற்றைக் கற்க வல்லதே. அதற்கு வேண்டுவது வேலை.