ஒருவரைக் குறிக்கும் பன்மை: திருக்கோவிலூர் வட்டாரச் சான்றுகளின்வழி எழுவாய் – பயனிலை இயைபின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எழுவாயின் எண்ணுக்கு ஏற்பப் பயனிலை அமைவது தமிழ்த் தொடரமைப்பின் அடிப்படை விதி. எனினும், ஒருவரைப் பன்மையால் சுட்டும் வழக்கு அவ்விதியைத் தொடக்கம் முதலே நெகிழ்த்தி வந்துள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர் வட்டாரச் சான்றுகளையும் இலக்கண நூல்களையும் இணைத்து இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பால், எண், உயர்வுப் பன்மை, வழுவமைதி, ஜம்பை, கல்வராயன் மலை

முன்னுரை

ஆங்கிலத்தில் எழுவாயின் ஒருமை பன்மை வேறுபாடு, 'பி' என்னும் வினையை விடுத்தால், நிகழ்கால வினையின் படர்க்கை ஒருமையில் மட்டுமே புலப்படும். தமிழிலோ படர்க்கை வினைமுற்று பெரும்பாலும் ஐம்பாலுள் ஒன்றை உணர்த்தும். வினையின் பாலும் பெயரின் பாலும் தம்முள் மயங்கலாகாது என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. ஆயின் அவ்வியலே மற்றொரு நூற்பாவில், ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் வந்த உயர்சொல் என்றும், அது இலக்கண நெறி அன்று என்றும் பிரித்துரைக்கிறது. விதியும் விலகலும் ஒரே நூலில் பதிவாகியிருப்பது கருதத்தக்கது.

ஜம்பையும் சங்கப் பாடல்களும்

திருக்கோவிலூர் வட்டத்து ஜம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி பாளி ஒன்றை அளித்த செய்தியைக் கூறுகிறது. இதில் அரசன் பெயர் ஆண்பால் ஒருமை ஈற்றுடன் நிற்கிறது. 'ஈத்த' என்னும் வினையோ பெயரெச்சம். அது பாலும் எண்ணும் காட்டாது. ஆகவே, எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள இயைபை இக்கல்வெட்டைக் கொண்டு அறிய இயலாது. அரசன் பெயர் 'அர்' ஈறு பெறவில்லை என்பதே இது தரும் செய்தி.

இச்செய்தியைச் சங்கப் பாடல்கள் வலுப்படுத்துகின்றன. திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலரும், அதியமானை ஔவையாரும் ஒருமையிலேயே விளித்துப் பாடினர். புலவர் அரசனை ஒருமையில் விளித்தல் அக்காலத்தில் மதிப்புக் குறைவாகக் கொள்ளப்படவில்லை. எனினும் தொல்காப்பியர் உயர்சொல் வழக்கைத் தனியே குறிப்பிடுவதால், அது அறவே இல்லாதிருந்தது எனவும் கொள்ள இயலாது.

சோழர் கல்வெட்டுகள்

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளிட்ட நடுநாட்டுக் கோயில்களில் சோழர் கல்வெட்டுகள் பலவாக உள்ளன. சோழர் கல்வெட்டு வாய்பாட்டில் அரசன் 'பன்மர்', 'தேவர்', 'உடையார்' எனப் பலர்பால் ஈறு பெறுகிறான். கொடையாளர், கணக்கர் முதலியோர் பெயர்களில் 'அன்' ஈறு தொடர்ந்து வழங்குகிறது. இதனால் ஈறு எண்ணை மட்டுமன்றிப் படிநிலையையும் உணர்த்தும் குறியாயிற்று.

இக்கல்வெட்டு மொழியில் வேறு இரு அமைப்புகளும் ஆராயத்தக்கவை. முதலாவது, 'சபையோம்', 'ஊரோம்' என்பன. சபை, ஊர் என்பவை அஃறிணைப் பெயர்கள். அவை தன்மைப் பன்மை ஈறு ஏற்று, 'விற்றுக்கொடுத்தோம்' போன்ற வினைகளோடு முடிகின்றன. நிறுவனத்தை ஒன்றாகக் கொள்வதா, அதன் உறுப்பினரைப் பலராகக் கொள்வதா என ஆங்கிலத்தில் 'கமிட்டி' போன்ற சொற்களுக்கு எழும் ஐயத்தைச் சோழர் கால ஊரவை தன் பெயரின் ஈற்றிலேயே தீர்த்துக்கொண்டது. இரண்டாவது, கையொப்பத்தில் வரும் 'இவை … எழுத்து' என்னும் வாய்பாடு. 'எழுத்து' என்பது 'கள்' ஏலாதே 'இவை' என்னும் பன்மையோடு இயைகிறது.

அஃறிணைப் பன்மை

இப்பிற்கூறிய அமைப்புக்குத் தொல்காப்பியத்தில் விளக்கம் உண்டு. அஃறிணை இயற்பெயரின் ஒருமையும் பன்மையும் வினையொடு வரும்போது விளங்கும் என்பது பெயரியல் கருத்து. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் தொடர்களில் எண்ணை உணர்த்துவது வினையே. ஆங்கிலத்தில் 'ஷீப்' என்னும் பெயர் மாறாது நிற்க, 'ஈஸ்', 'ஆர்' என்னும் வினைகள் எண்ணை உணர்த்துவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

இன்றைய பேச்சுத் தமிழில் நிலை தலைகீழானது. 'மாடுங்க வந்துச்சு' என்பதில் பெயர் எண்ணைச் சுமக்க, வினை ஒருமையில் நின்றுவிட்டது. பள்ளி மாணவர் 'மாடுகள் வந்தது' என எழுதுவது இவ்வழக்கின் தாக்கமே. எழுத்து வழக்கில் இது பிழையாயினும், மொழியறியாமையால் நேர்வதன்று; எண்ணை உணர்த்தும் பணி வினையிலிருந்து பெயருக்கு மாறியதன் விளைவு.

நன்னூலும் பின்னை வழக்கும்

13-ஆம் நூற்றாண்டினதான நன்னூல், உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் பாலும் திணையும் மயங்குவதை வழுவமைதியாக ஏற்கிறது. தொல்காப்பியர் வழக்கு எனப் பிரித்து வைத்தது இங்கு விதியினுள் இடம்பெறுகிறது. 'அவர்' ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல்லாக வேரூன்றியபின், பலரைக் குறிக்க 'அவர்கள்' தேவைப்பட்டது. பலர்பாலோடு 'கள்' சேரும் வழக்கு 'பூரியர்கள்' எனத் திருக்குறளிலேயே காணப்படுகிறது. பின்னர் 'அவர்கள்' என்பதும் ஒருவருக்குரிய மரியாதைச் சொல்லாயிற்று. ஆங்கிலத்திலும் பன்மைக்குரிய 'யூ' ஒருவருக்கும் உரியதாயிற்று. அதனோடு ஒருமை வினை சேர்ந்த 'யூ வாஸ்' என்னும் வழக்கை இராபர்ட் லவுத் 1762-இல் வெளியிட்ட இலக்கணத்தில் பிழையெனக் கண்டித்தார். பன்மை வினையே நிலைத்தது.

முடிவுரை

கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு வினைமுற்றிலும் ஒரு தெரிவைச் செய்கின்றனர். 'ஜாகிர்தார் ஆணையிட்டார், மலையாளி உழுதான்' என ஒருவர் எழுதினால், அத்தொடரில் இலக்கண வழு எதுவும் இல்லை. ஆயினும் 'ஆர்', 'ஆன்' என்னும் ஈறுகள், ஆய்வாளர் ஆராய வேண்டிய படிநிலையை ஆய்வாளரின் கூற்றாகவே ஆக்கிவிடுகின்றன. இருவருமே ஒருவர்தாம், எண்ணால் வேறுபாடில்லை. ஜம்பையில் பாளி ஈந்த அரசனுக்கு 'அன்' ஈறு இழுக்காகவில்லை. இன்று அதே ஈறு உழுதவனைத் தாழ்த்துகிறது. ஈறு தானே தாழ்த்துவதன்று. உயர்ந்தோருக்குப் பன்மை ஒதுக்கப்பட்டமையால் எஞ்சியோர்க்கு வாய்த்த ஒருமையே தாழ்த்துகிறது. எனவே வட்டார வரலாற்றெழுத்தில் மாந்தர் அனைவருக்கும் ஒரே ஈற்றை வழங்குவது, இலக்கணத்தோடு ஆய்வு நேர்மையும் சார்ந்த கடமையாகும்.